பட்டாணி அளவுதானே என்று விட்டுவிடாதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. தோப்பில் நாய் இல்லாத காலம் எனக்கு நினைவில்லை. காய்ப்புக் காலத்தில் காவலுக்கு, மற்ற நாட்களில் துணைக்கு என்று எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் திரியும். அவற்றில் செவலை என்கிற நாட்டு நாய்க்குப் போன வருடம் தோலில் கட்டி வந்து, பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் செய்து தேறியது. அந்த விஷயம் பரவியதிலிருந்து, “அக்கா, எங்க நாய்க்கும் சின்னதா ஒரு கட்டி இருக்குது, என்ன பண்றது?” என்று போச்சம்பள்ளியிலிருந்தும் பர்கூரிலிருந்தும்கூட போன் வருகிறது. போனில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும், பக்கத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டது இது.

கையில் தட்டுப்படுவதெல்லாம் கட்டி இல்லை. எங்கள் பக்கம் முதல் சந்தேகம் உண்ணியின் மேல்தான் போக வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில், வழுவழுப்பாக, தோலோடு முளைத்த பரு என்றே நினைக்க வைக்கும். காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், வாலடியில் தடவிப் பாருங்கள். முடியை விலக்கி போன் வெளிச்சத்தில் பார்த்தால், தோலோரம் சின்னச் சின்னக் கால்கள் தெரியும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் கூடாது. நாயின் தோல்தான் வெந்துபோகும். தொந்தரவான உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்கவும் கூடும். பிடுங்கிய இடத்தில் கடுகளவு தடிப்பு சில நாள் இருந்து தானே அடங்கும். அடுத்த சில வாரங்களில் நாய் தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, ஈறு வெளுத்துப் படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகளையும் உண்ணிதான் கொண்டு வருகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. வயிற்றில் இரண்டு வரிசையாக, பெரும்பாலும் எட்டு முதல் பத்து வரை இருக்கும். அதை உண்ணி என்று நினைத்துப் பிடுங்கிப் பார்த்து ரத்தம் வரவைத்தவர்கள் இருக்கிறார்கள். பாவம், வாயில்லா ஜீவன். ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

சரி, உண்ணியும் இல்லை, காம்பும் இல்லை. தோலிலேயோ தோலுக்கு அடியிலேயோ ஏதோ உருண்டையாக இருக்கிறது. அன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் ஒரு ரூபாய்க் காசு போதும். எந்தக் கால், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், கல்லாக இருக்கிறதா மெத்தென்று இருக்கிறதா, விரலால் தள்ளினால் நகர்கிறதா, மேலே முடி இருக்கிறதா கொட்டிவிட்டதா என்று காலண்டர் தாளிலாவது எழுதி வையுங்கள். “போன மாசம் பாத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு” என்ற ஞாபகத்தை நம்பி எத்தனையோ கட்டிகள் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கின்றன. தேதியோடு ஒரு படம் இருந்தால் மருத்துவருக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.

எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம்? நாய்களின் புற்றுநோயைப் பார்க்கிற மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கு ஒன்று உண்டு. பட்டாணி அளவு, அதாவது சுமார் 1 செ.மீ. இருந்து, ஒரு மாதமும் ஆகியிருந்தால், ஊசியால் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குள்ளாகவே வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, புண்ணாகிக் கசிந்தாலோ, நாய் அதையே நக்கிக்கொண்டிருந்தாலோ மாதக் கணக்குப் பார்க்காமல் போய்விடுங்கள்.

‘ஊசியால் எடுத்துப் பார்ப்பது’ என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசி போடுகிற மாதிரியான மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதில் ஏறுகிற கொஞ்சம் செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. எடுப்பதற்குச் சில நிமிடம்தான். ஆட்கள் இல்லாத தோப்பில் வளர்ந்த நாய்கூட, தெரிந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடும். கடிக்கிற நாய் என்றால் துணியால் வாய்க்கட்டுப் போட்டுவிட்டுச் செய்யலாம். எல்லாக் கட்டிக்கும் இது முழு விடை தராது; சில கட்டிகளில் செல் சரியாக வராது, அப்போது சிறு துண்டு வெட்டி அனுப்ப வேண்டியிருக்கும். ஆனாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செவலைதான். அதற்கு இரண்டு கட்டிகள் இருந்தன. மார்புக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒன்று. மெத்தென்று, தள்ளினால் நகரும். பின்னங்காலின் தொடையில் பட்டாணி அளவில் இன்னொன்று. லேசாகச் சிவந்து, முடி கொட்டி, பூச்சி கடித்த தடிப்பு போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மார்புக் கட்டியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தொடையில் இருந்ததை யாரும் கட்டியாகவே கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அதன்மேல்தான் உறுத்தல், ஏனென்றால் காலையில் சின்னதாக இருப்பது மாலையில் வீங்கியிருக்கும், மறுநாள் மறுபடி வற்றியிருக்கும். மருத்துவரிடம் இதைச் சொன்னதும் இரண்டிலுமே ஊசி வைத்தார். மார்பில் எடுத்தது ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டாகப் பளபளத்தது. வெறும் கொழுப்புக் கட்டி. நடுவயது தாண்டிய நாய்களுக்கு, அதிலும் உடம்பு போட்ட நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. நடக்கவோ படுக்கவோ இடைஞ்சல் செய்யாதவரை அப்படியே விட்டுவிடலாம் என்றார். தொடையில் எடுத்ததில் ஊதா நிறத் துகள்கள் நிறைந்த செல்கள் குவியலாக இருந்தன. அது மாஸ்ட் செல் கட்டி. நாய்களின் தோலில் வருகிற புற்றுக்கட்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது அதுதான்.

மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமையின்போது வேலை செய்கிற செல். அதற்குள் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் நிறைய இருக்கிறது. அழுத்தினாலோ சொறிந்தாலோ அது வெளியே கொட்டி, கட்டியும் சுற்றுப்பக்கமும் வீங்கிவிடும், சில மணி நேரத்தில் வற்றும். காலை மாலை அளவு மாறியது இதனால்தான். அதே ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து இரைப்பையில் அமிலத்தைக் கூட்டும். அதனால் சில நாய்கள் வாந்தி எடுக்கும், தார் போலக் கறுப்பாக மலம் போகும். தோலில் பட்டாணி அளவு கட்டி, வயிற்றில் புண் என்று இரண்டையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. இந்தக் கட்டிக்கு என்று ஒரு முகமும் கிடையாது. மரு மாதிரி இருக்கும், கொழுப்புக் கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும், கொசுக்கடி மாதிரியும் இருக்கும். பாக்ஸர், பக், லாப்ரடார் இனங்களுக்கு அதிகம் வருகிறது. ஓசூர் குடியிருப்புகளில் இப்போது இந்த இனங்கள்தான் நிறைய. அங்கே இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெரிய கட்டி ஆபத்து, சின்னக் கட்டி பரவாயில்லை என்ற கணக்கு நாயின் தோலில் செல்லாது. நல்ல அனுபவமுள்ள மருத்துவரேகூட தொட்டுப் பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது. “தொட்டுப் பாத்தா கொழுப்புக் கட்டி மாதிரிதான் தெரியுது” என்று சொன்னால், மரியாதையாகவே கேளுங்கள்: “சார், ஒரு ஊசி எடுத்துப் பாத்துடலாங்களா?”

இனி ஊர் வைத்தியத்துக்கு வருகிறேன். தோப்பில் எங்களோடு பல வருடமாக இருக்கிற பெரியவர், “எருக்கம்பாலு வெச்சா தானா உதிர்ந்துடும்மா” என்றார். பக்கத்துத் தோப்புக்காரர் நூல் கட்டச் சொன்னார். சுண்ணாம்பு, சேங்கொட்டை, சூட்டுக்கோல் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாட்டு மருவுக்குச் செய்து பலித்ததைப் பார்த்தவர்கள். ஆனால் நாய் வேறு. எட்டுகிற இடத்தை எல்லாம் நக்கிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழிப்படலமே வெந்து பார்வை மங்கும். மாஸ்ட் செல் கட்டியில் நூலைக் கட்டி இறுக்கினால் ஹிஸ்டமின் மொத்தமாகக் கொட்டி, இருக்கிற கட்டி இரண்டு மடங்காகும். அப்படியே உதிர்ந்தாலும் மேலே இருந்தது மட்டும்தான் போகும், வேர் உள்ளே இருக்கும், பரிசோதனைக்கு அனுப்பக் கையில் எதுவும் மிஞ்சாது. அந்தப் பெரியவரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். அவர்தான் மருத்துவமனையில் செவலையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் பூசிய தோலின் நிறமும் அளவும் தெரியாமல் போய்விடும். மருத்துவரிடம் போகும்வரை ஒன்றும் பூசாமல் விடுவதே நல்லது.

மெடிக்கலில் வாங்குகிற மாத்திரைகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வலிக்கு என்று பாராசிட்டமால், ஐபுபுரூபென், டைக்ளோபெனாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்குச் சாதாரணமான அளவே நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுத்துவிடும். அதேபோல, “ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க சார், வீக்கம் இறங்கினா போதும்” என்று மருத்துவரை நெருக்காதீர்கள். என்ன கட்டி என்று தெரியும் முன்பே ஸ்டீராய்டு ஊசி போட்டால் மாஸ்ட் செல் கட்டியும் நிணநீர்ப் புற்றும் கொஞ்ச நாள் சுருங்கிக் காட்டும். குணமாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம். திரும்பி வரும்போது பரிசோதனையும் குழம்பும், மருந்தும் முன்போலக் கேட்காது. முதலில் ஸ்லைடு, அப்புறம் மருந்து.

குட்டி நாய்களின் கதை வேறு. ஒரு வயதுக்குள், உதட்டிலும் வாய்க்குள்ளும் பூக்கோசு போலக் கொத்தாக மரு வந்தால் அது பெரும்பாலும் வைரஸ் மரு. மற்ற நாய்களுக்குத் தொற்றும், நமக்குத் தொற்றாது. தின்ன முடியாத அளவுக்குப் பெருகாத வரையில், ஒன்று முதல் ஐந்து மாதத்துக்குள் தானே உதிர்ந்துவிடும். தட்டுகளை மட்டும் தனித்தனியாக வையுங்கள். மூன்று வயதுக்குள் இருக்கிற நாயின் காதிலோ முகத்திலோ காலிலோ சிவப்புப் பொத்தான் மாதிரி திடீரென்று ஒன்று எழும்பினால் ஹிஸ்டியோசைட்டோமாவாக இருக்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடுகிற சாதுவான கட்டி. அதையும் மாஸ்ட் செல் கட்டியையும் கண்ணால் பிரிக்க முடியாது என்பதால் அங்கேயும் ஊசி வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் நாய்கள் சேர்கிற காலத்தில் சண்டை அதிகம். கடித்த பல் ஓட்டை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். ஓரிரு நாளிலேயே பெரிதாகி, தொட்டால் சுடும், நாய் உறுமும். இந்தக் கட்டியை வீட்டில் கீறிவிடாதீர்கள். திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும், அந்தக் கொடுமை கட்டியைவிடப் பெரியது. கால்விரல் இடுக்கில் வீங்கி, கசிந்து, ஆறி, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உள்ளே ஊசிப்புல்லின் விதை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தளி, அஞ்செட்டி பக்கம் காட்டோரத்தில் திரிகிற நாய்களுக்கு இது நடக்கக்கூடியது. விதை முன்னோக்கியே நகரும், எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் தீராது.

பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு காம்புக்கும் அடியில் விரலால் உருட்டிப் பாருங்கள். மணிமணியாகத் தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள். நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்கிற வாய்ப்பு நன்றாகவே கூடும். சினைப்பருவம் தொடங்கும் முன்போ, முதல் பருவம் முடிந்த கையோடோ கருத்தடை செய்த நாய்களுக்கு இது வருவது மிகக் குறைவு. எந்த வயதில் செய்வது என்பதை இனத்தையும் உடம்பையும் பார்த்து மருத்துவர் சொல்வார்.

தெரு நாய்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும், பிறப்புறுப்பில் சிவந்து கசிகிற ஒரு கட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். சொட்டுச் சொட்டாக ரத்தம் போகும். “அசிங்கமான நோய்” என்று சொல்லிக் கல்லால் அடித்து விரட்டுகிறார்கள். அதைப் பார்க்கவே மனசு பொறுக்காது. இது சேர்க்கையின்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் கட்டியின் செல்லே நேரடியாகத் தொற்றுகிற புற்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் ஏதோ ஒரே ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்தான் இன்றுவரை நாய்க்கு நாய் தாவி உலகம் முழுக்க உயிரோடு இருக்கிறது என்று மரபணு ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். மனிதர்களுக்குத் தொற்றாது. நல்ல செய்தி என்னவென்றால், வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரங்களில் முழுக்கக் குணமாகிவிடுகிறது. அந்த மருந்து நம் வீட்டு வாசலிலும் இடுகாட்டு ஓரத்திலும் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. செடியை அரைத்து ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அது வீரியமான விஷ மருந்து, நரம்புக்கு வெளியே கசிந்தாலே சதையை அரித்துவிடும். மருத்துவர் கையால்தான் போட வேண்டும். தெருவில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய் வர முடியும்.

ஒரு வீக்கத்துக்கு மட்டும் படம் எடுக்கவும் அளக்கவும் நிற்காதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் நன்றாக இருந்த நாயின் மூஞ்சியோ காலோ திடீரென்று வீங்கினால், தோப்பிலும் பாறை இடுக்கிலும் திரிகிற நாய் என்றால் முதலில் பாம்பைத்தான் நினைக்க வேண்டும். விரியன் கடித்தால் வீக்கம் வேகமாக ஏறும், வலியில் நாய் துடிக்கும். தேனீயோ குளவியோ கொட்டினாலும் முகம் உப்பும். மூச்சு இரைத்தால் அதுவும் அவசரம்தான். வீக்கத்தைக் கீறாமல், கயிறு கட்டாமல், வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

எங்கே போவது என்ற கேள்விதான் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் உண்மையான சிக்கல். பக்கத்து ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் கறவை மாடும் ஆடும்தான் வரிசையில் நிற்கும். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் “இதுக்கெல்லாமா வந்தீங்க?” என்று வரிசையில் இருப்பவர்களே கேட்பார்கள். மாடு சோறு போடுகிறது, அதற்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம். அதற்காக நாயின் வலி வலி இல்லை என்று ஆகிவிடாது. ராத்திரி முழுக்கத் தோப்பைச் சுற்றி வந்த ஜீவனுக்கு ஒரு ஸ்லைடு எடுக்கக் கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கூட்டம் குறைகிற நேரத்தை விசாரித்துப் போங்கள். சில இடங்களில் ஊசி எடுக்கிற வசதி இருக்கும், பார்க்க மைக்ரோஸ்கோப் இருக்காது. அப்போது ஸ்லைடை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். நாயை நகர்த்தவே முடியாத நிலை என்றால் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். பெரிய பரிசோதனைக்கும் அறுவை சிகிச்சைக்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985-ல் தொடங்கியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம் என்று 44-ம் எண் நெடுஞ்சாலையிலேயே நேராக இறங்கினால் போய்விடலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பாளில் இருக்கிற கால்நடைக் கல்லூரி பக்கம். காரில் போகும்போது தண்ணீரும், பழகிய துணி ஒன்றும், இதுவரை எடுத்த படங்களும், தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். மயக்க மருந்து கொடுக்க வாய்ப்பு இருந்தால் எத்தனை மணியிலிருந்து களியோ சோறோ கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

கட்டியை எடுக்க வேண்டும் என்று சொன்னால், இவ்வளவு சின்னதற்கு இவ்வளவு பெரிய வெட்டா என்று பதறாதீர்கள். செவலைக்குத் தொடையில் பட்டாணி அளவு கட்டிதான், தையல் விரல் நீளத்துக்கு இருந்தது. மாஸ்ட் செல் கட்டியைச் சுற்றிலும் வழக்கமாக 2 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் ஒரு படலத்தையும் சேர்த்து எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஓரத்தில் ஒளிந்திருக்கும் என்பதால்தான் அப்படி. தையல் பிரிக்கும்வரை கழுத்தில் கூம்பு மாட்டியே வைத்திருங்கள். பரிதாபப்பட்டுக் கழற்றினால் ஒரே ராத்திரியில் நக்கியே தையலைப் பிரித்துவிடும்.

எடுத்த சதையைக் குப்பையில் போட விடாதீர்கள். ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன கட்டி, என்ன தரம் (அதாவது எவ்வளவு தீவிரமானது), வெட்டின ஓரத்தில் செல் மிச்சம் இருக்கிறதா. செவலையின் அறிக்கையில் தீவிரம் குறைந்த தரம், ஓரம் சுத்தம் என்று வந்ததால் அதோடு நின்றது. ஓரத்தில் மிச்சம் என்று வந்திருந்தால் அதே இடத்தில் மறுபடி அகலமாக எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். ஒருமுறை இந்தக் கட்டி வந்த நாய்க்கு வேறு இடத்தில் புதிதாக இன்னொன்று வரலாம் என்பதால், குளிப்பாட்டுகிற நாளில் தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையை போனில் ஒரு படம், பீரோவில் ஒரு நகல் என்று இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த கட்டி வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.